என்ன வேணும்

என்ன வேணும்னா கேட்டது? அவங்க எனக்கு என்ன வேணும்னா? அது சரி. மாட்டுத்தாவணியில ஏறி இன்னும் டிக்கெட்டே வாங்கல, அதுக்குள்ள இந்தக் கேள்வி. தப்புன்னு சொல்லல. கோவில்பட்டிக்கு ஒரு வருசத் திதிக்குப் போறேன், தெரிஞ்சவங்களோட அம்மாவுக்குன்னு நாந்தான வாயக் குடுத்தேன். பக்கத்து சீட்டுல இருக்குறவங்க அடுத்து கேக்குறது அதுவாத்தான் இருக்கும். என்ன வேணும், எந்த வகையில சொந்தம்னு. நம்ம பக்கத்துப் பழக்கம் அது.

சொல்றேன். அதுக்கு முன்னாடி அந்தக் கண்ணாடியக் கொஞ்சம் கழட்டிக் குடுத்தா நல்லாருக்கும். ஏறுனதுலருந்து பாக்குறேன், எடது பக்கமா எறங்கி எறங்கி வருது. வெரலால தூக்கித் தூக்கி விட வேண்டியிருக்குல்ல? எனக்கு அதப் பாத்துட்டுச் சும்மா ஒக்கார முடியாது. தொழிலே அதான். சட்டைப் பையில ஸ்க்ரூ டிரைவர் எப்பவும் இருக்கும். இதோ, ஊசி மாதிரி இருக்குல்ல, இதான். பஸ்ஸு குலுக்குறதால மெதுவாத்தான் செய்ய முடியும். எறங்குறது திருநெல்வேலிதான? அப்ப அவசரமில்ல.

எம்பேரு நாகரத்தினம். மேலமாசி வீதிக்குப் பின்னாடி ஒரு சந்துல கண்ணாடிக் கடை. கண்ணு டெஸ்ட்டும் நானே பண்ணுவேன். இருபத்திரெண்டு வருசமா இதே வேலை. ஆள ஒக்கார வச்சு, மூக்குல அந்தக் கனத்த ஃப்ரேம மாட்டி, ஒவ்வொரு லென்ஸாப் போட்டுப் போட்டுக் கேப்பேன், 'இதா, அதா? எது தெளிவா இருக்கு?' ரெண்டும் ஒரே மாதிரி இருக்குன்னு சொல்றவங்கள விடவே மாட்டேன். 'அப்பிடி இருக்காதுங்க, ஏதாச்சும் ஒண்ணு கொஞ்சம் நல்லாத்தான் இருக்கும், நிதானமாப் பாத்துச் சொல்லுங்க'ம்பேன். ஊருக்குத்தான் உபதேசம். எனக்கு வயசு நாப்பத்தாறு. கல்யாணம் ஆகல. பண்ணிக்கலன்னு சொல்லணும் நியாயமா. ஆகலன்னு சொல்லித்தான் பழக்கம்.

அவங்க பேரு மங்கையர்க்கரசி. தபாலாபீசுல கவுண்டர் வேலை. ஆறு வருசத்துக்கு முன்னாடி ஒரு மத்தியானம் கடைக்கு வந்தாங்க. முத்திரையில தேதி தெரிய மாட்டேங்குது, பதினொண்ணா பதினேழான்னு கொழப்பமா இருக்குன்னாங்க. அப்ப முப்பத்தெட்டு வயசு. சில பேருக்கு இது சீக்கிரமே வரும், பயப்பட ஒண்ணுமில்லன்னேன். 'பயமெல்லாம் இல்லங்க, பதினொண்ணுக்கும் பதினேழுக்கும் வித்தியாசம் தெரிஞ்சாப் போதும்'னாங்க. லென்ஸப் போட்டு, இதா அதான்னு கேட்டேன். 'இது'ன்னாங்க. பட்டுன்னு. அப்பிடி ஒடனே சொல்ற ஆளு ஆயிரத்துல ஒருத்தர் கூடக் கெடையாது. அதுக்கு மேல லென்ஸு மாத்திப் பாக்க அவசியமே இல்ல. நானாத்தான் இன்னும் நாலு போட்டுப் பாத்தேன்.

அவங்களுக்கு ஏற்கெனவே கல்யாணமாகி, ரெண்டே வருசத்துல கோர்ட்டுல முடிஞ்சு போயிருந்துச்சு. அந்தாளுக்கு வேற ஒரு குடும்பம் இருந்திருக்கு. அத அவங்க மறைக்கவே இல்ல, கண்ணாடி வாங்க வந்த அன்னைக்கே பேச்சோட பேச்சாச் சொல்லிட்டாங்க. நியாயமாப் பாத்தா பயப்பட வேண்டியது அவங்க. பயந்தது நானு.

அம்மாவும் அவங்களும் ரெண்டே பேருதான், சிம்மக்கல் பக்கம் வாடகை வீடு. அண்ணன் முத்துவேலு கோவில்பட்டியில. அம்மா பேரு பாக்கியத்தம்மா. கண்புரை ஆப்பரேசன் முடிஞ்சு அவங்களுக்குக் கண்ணாடி நாந்தான் போட்டேன். மாடிப்படி எறங்க முடியாதவங்க, அதனால வீட்டுக்கே போயி மாட்டி விட்டேன். மூக்குல சரியா ஒக்காரல, அடுத்த ஞாயித்துக்கெழம வந்து பாக்குறேம்மான்னேன். போனேன். அதுக்கடுத்த ஞாயிறும் போனேன். அப்பிடியே அஞ்சு வருசம். ஞாயித்துக்கெழம காலைல பத்து மணிக்கு நான் எங்க இருப்பேன்னு எங்க சந்துல எல்லாருக்கும் தெரியும்.

ஒரு ரகசியம் சொல்றேன். அந்தக் கண்ணாடி ஸ்க்ரூவ நான் முழுசா முறுக்க மாட்டேன். முக்கால்வாசிதான். கணக்கா ஒரு வாரம் தாங்கும். அடுத்த ஞாயிறு பாத்தா காதுல மாட்டுற கம்பி ஆடும். 'என்னப்பா ரத்தினம், ஒங் கண்ணாடி ஒரு எடத்துல நிக்கவே மாட்டேங்குது'ம்பாங்க அம்மா. 'பாக்குறேம்மா'ன்னு ஸ்டூலப் போட்டு ஒக்காருவேன். போறதுக்கு ஒரு காரணம் வேணும்ல? சும்மா போனா எதுக்கு வர்றாருன்னு பேச்சு வரும். பேச்சு வந்தா பதில் சொல்லணும். இதுன்னா தொழில் விசயமாப் போன மாதிரி இருக்கும். நெளிவு சுளிவுன்னு சொல்லுவாங்கல்ல, அதுல எனக்கு உள்ளுக்குள்ள ஒரு பெருமை வேற.

பிடிச்சிருந்துச்சான்னா, ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. சனிக்கெழம அவங்க ஆபீசு முடிஞ்சதும் தெப்பக்குளத்துப் பக்கம் போயி டீ குடிப்போம். அன்னைக்குக் கவுண்டர்ல யாரு என்ன சொன்னாங்கன்னு அவங்க நடிச்சுக் காமிப்பாங்க. விலாசத்துல 'பிள்ளையார் கோயிலுக்கு எதுக்க'ன்னு மட்டும் எழுதி, ஊர் பேர விட்டவங்க கதையெல்லாம் வரும். நான் சிரிச்சுச் சிரிச்சு எனக்கே ஆச்சரியமா இருக்கும், நம்ம வாயி இம்புட்டு சிரிக்குமான்னு.

மூணாவது வருசம்னு நெனைக்கிறேன். அந்தப் படிக்கட்டுல ஒக்காந்திருக்கோம். திடீர்னு கேட்டாங்க. 'நீங்க என்னய நீங்கன்னும் சொல்ல மாட்டேங்குறீங்க, நீன்னும் சொல்ல மாட்டேங்குறீங்க. கவனிச்சிருக்கீங்களா?'

அப்பிடியெல்லாம் ஒண்ணும் இல்லையேன்னு மழுப்புனேன்.

'மொத மாசம் நீங்கன்னுதான் சொன்னீங்க, மேடம்னு கூடச் சொன்னீங்க. அப்பறம் அதுவும் போச்சு. இன்னைக்கு வந்ததும் என்ன கேட்டீங்க? ஆபீசு முடிஞ்சாச்சா. டீ சொல்லவா. தலவலி கொறஞ்சிருச்சா. நீங்க வந்தீங்களான்னா அது மரியாதை. நீ வந்தியான்னா உரிமை. வந்தாச்சான்னா அது என்னது? பஸ்ஸத்தான் அப்பிடிக் கேப்பாங்க, ராஜபாளையம் பஸ்ஸு வந்தாச்சான்னு. எனக்கு நீங்கன்னாலும் சரி, நீன்னாலும் சரி, வாடி போடின்னாலும் சம்மதந்தான். ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க.'

இதா, அதா. நான் ஊரயே கேக்குற கேள்விய என்னயப் பாத்துத் திருப்பிக் கேட்டுட்டாங்க. நான் என்ன சொன்னேன்? 'பாக்கலாம்'னேன்.

எதுக்கு இப்பச் சிரிப்பு? பாக்கலாம்னு சொன்னதுக்கா? இல்லையா, பெறகு?

ஓ. இந்த பஸ்ஸுல ஏறுனதுலருந்தும் நான் அப்பிடித்தான் பேசிட்டு வர்றேனா? எறங்குறது திருநெல்வேலிதான, கழட்டிக் குடுத்தா நல்லாருக்கும்... ஆமா. ஆமா சார். மன்னிச்சுக்கங்க. கடையில வர்றவங்ககிட்ட நல்லாத்தான் பேசுவேன். மனசுக்குள்ள ஏதாச்சும் ஓடிட்டிருந்தா இந்தப் பேச்சு தானா வந்துருது. நீங்க. பாத்தீங்களா, சொல்லிட்டேன். ஒரு வாரமா வீட்ல பழகிட்டுத்தான் இருக்கேன்.

இது எங்க அப்பா அம்மாகிட்டருந்து வந்தது சார். அவங்க ரெண்டு பேரும் ஒரே வீட்ல பதினோரு வருசம் பேசாம இருந்தாங்க. என்ன சண்டைன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. மூஞ்சி பாத்துப் பேச மாட்டாங்களே ஒழிய வேல எல்லாம் நடக்கும். அம்மா சுவத்தப் பாத்து, 'சாப்பாடு எடுத்து வச்சாச்சு'ம்பாங்க. அப்பா வாசலப் பாத்து, 'கெளம்பியாச்சு, வர நேரமாகும்'பாரு. 'மாத்திர போட்டாச்சா?' 'போட்டாச்சு.' யாரு யாரக் கேக்குறாங்கன்னே இருக்காது. நடுவுல நான் ஒருத்தன் தட்ட வச்சுக்கிட்டு ஒக்காந்திருப்பேன். கல்யாணம்னா எனக்கு அந்தச் சுவருதான் ஞாபகம் வரும். பதில் சொல்லாம நழுவுறதுக்கு நம்ம பாஷையில எம்புட்டு வசதி இருக்குங்கிறத நான் பத்து வயசுலயே படிச்சு முடிச்சுட்டேன்.

திருமங்கலம் போயிருச்சா? சரி. உங்க கண்ணாடி ஸ்க்ரூ மரை தேஞ்சிருக்கு சார், வேற போடுறேன். எங்கிட்ட இருக்கு, டப்பாவுல. கொஞ்சம் பொறுங்க.

அதுக்கப்பறமும் அவங்க ரெண்டு தடவை நேராவே கேட்டாங்க, கல்யாணம் பண்ணிக்கலாமான்னு. மொத தடவை, கடைய மாத்தப் போறேன், அது முடியட்டும்னேன். கடை இன்னும் அதே சந்துலதான் இருக்கு. ரெண்டாவது தடவை, அப்பாவுக்கு ஒடம்பு சரியில்லன்னேன். அப்பா இந்தா எழுவத்தொம்போது வயசுல தெனமும் தெருமுக்கு வரைக்கும் நடந்துட்டு வர்றாரு. மதில் மேல பூனைன்னு சொல்லுவாங்க. பூனையாச்சும் என்னைக்காவது ஒரு பக்கம் குதிச்சிரும். நான் மதிலுக்கு வெள்ளையடிச்சு அதுலயே குடியிருந்தேன்.

இதுல நான் ஒண்ணு சொல்லிர்றேன். நான் அவங்கள ஏமாத்தல. எந்த வாக்கும் குடுக்கல. அந்த விசயத்துல நான் ரொம்பச் சுத்தம். அவங்ககிட்ட ஒரு நாளு அதச் சொல்லவும் செஞ்சேன், நான் வாக்கு எதுவும் குடுக்கலையேன்னு. 'ஆமா, குடுக்கல'ன்னு சொல்லிட்டு டீ கிளாஸ வச்சுட்டாங்க. பாதி டீ அப்பிடியே இருந்துச்சு.

போன வருசம் மாசி மாசம் அம்மா படுத்த படுக்கையாயிட்டாங்க. ஞாயித்துக்கெழம போனேன். அன்னைக்கு அம்மா கண்ணாடி போடல, தலமாட்டுல கழட்டி வச்சிருந்தாங்க. நான் ஸ்டூல இழுத்துப் போட்டு, கண்ணாடிய எடுத்து, ஸ்க்ரூ டிரைவரயும் எடுத்தேன். அவங்க அடுப்படியில பாத்திரம் கழுவிட்டிருந்தாங்க. பைப்பு தண்ணி கொட்டுற சத்தம் கேட்டுட்டிருந்துச்சு. அம்மா என் மணிக்கட்டப் பிடிச்சாங்க. பிடியில பெலமே இல்ல.

'அத வையி ரத்தினம். நீ நல்ல பிள்ளை. அஞ்சு வருசமா வந்து போற. எனக்கு இனிமே நாளு இல்ல, அதனால கேக்குறேன். நீ எங்களுக்கு என்னப்பா வேணும்?'

அடுப்படியில பைப்பு சத்தம் நின்னுருச்சு.

நான் சொன்னேன், 'ஒண்ணும் வேணாம்மா. இப்பத்தான் டீ குடிச்சேன்.'

தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன் சார். நான் நாளெல்லாம் கடையில நின்னு, வாங்க, என்ன வேணும், என்ன வேணும்னு கேக்குறவன். அந்த வார்த்தை காதுல விழுந்தா எனக்கு டீயும் வடையுந்தான் ஞாபகம் வரும். பெரியவங்க படுக்கையில இருந்துக்கிட்டு உபசாரம் பண்றாங்கன்னு நெனைச்சுட்டேன். யாருக்கும் வர்ற தப்புதான அது?

அம்மா எங்கைய விட்டாங்க. 'சரிப்பா'ன்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு அடுப்படியில பைப்பு திரும்ப ஓடுச்சு, முன்ன விட வேகமா. நான் ஸ்க்ரூவ முறுக்கி, கண்ணாடிய அம்மா தலமாட்டுல வச்சுட்டு, போயிட்டு வர்றேன்னு சொல்லிட்டு வந்தேன். அன்னைக்கும் முக்கால்வாசிதான் முறுக்குனேன்.

நாலாம் நாளு அம்மா தவறிட்டாங்க.

நான் போனேன். போகாம இருப்பேனா? தெருவுல சாமியானா போட்டிருந்துச்சு. சொந்தக்காரங்க ஒரு பக்கம், ஆபீசு ஆளுங்க, தெரிஞ்சவங்க ஒரு பக்கம். நான் தெரிஞ்சவங்க பக்கம் ஒக்காந்தேன். ஒரு பெரியவரு, தம்பி, நீங்க பாக்கியத்தம்மாவுக்கு என்ன வேணும்னு கேட்டாரு. கண்ணாடிக் கடைங்கன்னு சொன்னேன். அப்பறம் எந்திரிச்சு ஓடியாடி வேல பாத்தேன். நாற்காலி சொன்னது நானு, ஐஸ் பெட்டி சொன்னது நானு. யாரும் ஒரு கொறை சொல்ல முடியாது.

எடுக்குற நேரத்துல அந்தப் பெரியவரு சத்தமாக் கேட்டாரு, 'மருமகன் மொறைக்குக் கோடி போட யாரு இருக்கா?' எங்க பக்கம் மருமகன் ஒரு கோடித் துணி போடணும் சார். எல்லாரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தாங்க. அவங்களுக்குக் கட்டுனவன் இல்லன்னு எல்லாருக்கும் தெரியும், வழக்கத்துக்குக் கேக்குறாங்க. அவங்க அம்மா தலமாட்டுல ஒக்காந்திருந்தாங்க. தலையத் தூக்கி அந்தக் கூட்டத்துல தேடுனாங்க. நான் அந்த நேரம் பாத்து தண்ணி கேன் தீந்துருச்சு, கொண்டாந்துர்றேன்னு தெருமுனைக்குப் போயிட்டேன். கேன்ல பாதிக்கு மேல தண்ணி இருந்துச்சு. திரும்பி வர்றப்ப எடுத்துட்டாங்க. அண்ணனோட மச்சினன் யாரோ ஒருத்தர் கோடி போட்டாராம்.

நான் சொன்னது பொய்யி சார். தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னு சொன்னேன்ல. தப்பால்லாம் புரியல. பெத்தவ ஒருத்தி சாகக் கெடந்து கையப் பிடிச்சுக்கிட்டு நீ எங்களுக்கு என்ன வேணும்னு கேட்டா, டீ வேணுமான்னா அர்த்தம்? எனக்குப் புரிஞ்சுச்சு. புரிஞ்ச அந்த நிமிசமே அந்த வார்த்தைக்கு இன்னொரு அர்த்தம் இருக்கேன்னும் தோணிருச்சு. அதுக்குள்ள போயி ஒளிஞ்சுக்கிட்டேன். ஒரு வருசமா, தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னு எனக்கு நானே சொல்லிட்டிருந்தேன். இப்பத்தான் மொத மொத வாய் விட்டு மாத்திச் சொல்றேன், அதுவும் உங்ககிட்ட. உங்க பேரு கூட எனக்குத் தெரியாது.

விருதுநகர்ல டீக்கு நிறுத்துனப்ப நீங்க எறங்கிப் போயிருக்கலாம். கண்ணாடி எங்கையில இருக்கு, எங்க போவீங்க? கோவிச்சுக்காதீங்க, முடியப் போகுது.

பதினாறு முடிஞ்ச மறுவாரம் அவங்க கடைக்கு வந்தாங்க. நான் எந்திரிச்சு நின்னேன். அவங்க என்னயப் பாக்கல, எனக்குப் பின்னாடி சுவத்துல இருக்குற எழுத்துப் பலகையப் பாத்துக்கிட்டே சொன்னாங்க, 'மாத்தல் கேட்டிருந்துச்சு. கோவில்பட்டிக்குக் கெடைச்சாச்சு. திங்கக்கெழம போயிச் சேரணும்.' அப்பறம், 'சாப்பாடு ஆச்சா?'ன்னாங்க.

மொதல்ல எனக்கு ஒறைக்கல. அப்பறம் ஒறைச்சுச்சு. அஞ்சு வருசமா வாய் நெறைய நீங்க, நீங்கன்னு பேசுன ஆளு. ஒரு நீங்க கூட இல்ல. அந்தப் பேச்சு நம்ம காதுல விழுந்தா எப்பிடி இருக்கும்னு அன்னைக்குத்தான் சார் தெரிஞ்சுச்சு. எதுத்தாப்புல நிக்கிறப்பவே நாம அங்க இல்லாத மாதிரி இருக்கும்.

போறப்ப அம்மா கண்ணாடிய மேசையில வச்சாங்க. கம்பி சேர்ற எடத்துல வெள்ள நூலு சுத்தியிருந்துச்சு. அழுக்கேறிப் போன நூலு. 'இது என்ன?'ன்னேன். அதுக்கு மட்டும் என்னய நேராப் பாத்துச் சொன்னாங்க. 'வாரமெல்லாம் நழுவும். அதனால நூலு கட்டிக்கிறது. ஞாயித்துக்கெழம காலைல அம்மா அவுக்கச் சொல்லிருவாங்க, அந்தப் பிள்ளை வர்ற நேரம், அதுக்கு வேல இருக்கட்டும்னு. இது கடைசியாக் கட்டுனது. அவுக்கச் சொல்ல அடுத்த ஞாயித்துக்கெழம அம்மா இல்ல.'

அஞ்சு வருசம் சார். நான் ரகசியம்னு நெனைச்சு முக்கால்வாசி முறுக்கிட்டு வந்தத, அந்தம்மா கட்டி, அவுத்து, கட்டி, அவுத்து... கண்ணு ஆப்பரேசன் பண்ணுன மனுசி. நான் வந்து போறதுக்கு ஒரு சாக்கு வேணும்னு வாரமெல்லாம் நூலக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருந்திருக்காங்க. அன்னைக்குக் கடைய மூடிட்டேன். மத்தியானம் ஒரு மணிக்கு ஷட்டர எறக்கிட்டு உள்ள ஒக்காந்து அழுதேன்.

அழுதா மட்டும் என்ன? ஒடனே ஓடிப் போயி சொன்னேனான்னு கேட்டா, இல்ல. பத்து மாசம் ஒண்ணுமே செய்யல. கோவில்பட்டி என்ன சீமையா, ரெண்டரை மணி நேரம். தெனமும் நாளைக்குப் போகலாம்னு இருப்பேன்.

அப்பறம் ஒரு நாளு காலைல, கடைக்குக் கெளம்பி செருப்பு மாட்டிட்டிருக்கேன். எங்கப்பா முன் ரூம்புல சாப்ட்டுட்டு இருந்தாரு. எங்கம்மா போயி ஒம்போது வருசமாச்சு, படம் அந்தச் சுவத்துலதான் மாட்டியிருக்கு. அவங்க பாத்துப் பேசுன அதே சுவரு. அப்பா தட்டுல கைய வச்சுக்கிட்டே நிமிந்து படத்தப் பாத்து மெதுவாக் கேக்குறாரு, 'நீ சாப்ட்டியா?'

நான் இருக்குறது அவருக்குத் தெரியாது. பதினோரு வருசம் எதுக்க நின்னப்ப சொல்லாத நீ. கண் கெட்ட பெறகு சூரிய நமஸ்காரம்னு சொல்றாங்கல்ல. கண்ணாடிக் கடைக்காரன் எனக்கு அது அன்னைக்குத்தான் புரிஞ்சுச்சு. நேரா அஞ்சலட்டை வாங்கப் போனேன்.

ஆமா, அஞ்சலட்டைதான். போன்ல பேசுனா நான் நழுவிருவேன்னு எனக்கே தெரியும். கவர்ல போட்டா அவங்க மட்டுந்தான் படிப்பாங்க. அஞ்சலட்டைன்னா அவங்க ஆபீசு விலாசத்துக்குப் போகும், பை பிரிக்கிறவரு படிப்பாரு, பக்கத்து கவுண்டர்ல படிப்பாங்க, எல்லாரும் படிச்சுட்டுத்தான் அவங்க கைக்கு வரும். அதுக்கப்பறம் நான் பின்வாங்க முடியாதுல்ல? நாலு அட்டைய எழுதிக் கிழிச்சேன். அஞ்சாவதுல எழுதுனேன், 'அம்மா கேட்ட கேள்வி எனக்குப் புரிஞ்சுதான் இருந்துச்சு. பதில் இருக்கு. நேர்ல வந்து சொல்லணும். வரலாமா?' பெட்டியில போட்டுட்டேன். போட்ட பெறகுதான் ஒறைக்குது, வரலாமா. திரும்பவும் அதே. யாரு வர்றது, யாரக் கேக்குறதுன்னு இல்லாம. பெட்டிக்குள்ள கைய விட்டுப் பாத்தேன் சார், நெசமாத்தான். மணிக்கட்டுக்கு மேல போகல.

பத்து நாளு கழிச்சுப் பதில் அட்டை வந்துச்சு. 'வரலாம். பதினாறாம் தேதி திதி.' அம்புட்டுதான். எம்பேரும் இல்ல, அவங்க பேரும் இல்ல. வரலாம்னா சம்மதம்னு அர்த்தமான்னு உங்களுக்குத் தோணுதா? எனக்குத் தெரியல. திதிக்கு யாரு வேணா வரலாம். வந்து எலையில ஒக்காந்து சாப்ட்டுட்டுப் போங்கன்னு கூட இருக்கலாம். நான் செஞ்ச வேலைக்கு அது போதும், அதுவே ஜாஸ்தி.

சாத்தூர் வந்துருச்சு. இந்தாங்க உங்க கண்ணாடி. போட்டுப் பாருங்க. ஆட்டிப் பாருங்க, ஆடாது. புது ஸ்க்ரூ, கடைசி மரை வரைக்கும் முறுக்கிட்டேன். அம்மா கண்ணாடியயும் அப்பிடித்தான் முறுக்கிக் கொண்டு போறேன், இந்தப் பையில இருக்கு. நூல எடுக்கல, லேசா ஒதுக்கிட்டுத்தான் முறுக்குனேன். அது அவங்க கட்டுனது, அது பாட்டுக்கு இருக்கட்டும். படத்துக்கு முன்னாடி வைக்கணும். போட்டுக்க ஆளு இல்லாத பெறகுதான் சரியா முறுக்கத் தெரிஞ்சுருக்கு எனக்கு.

நீங்க கேட்டதுக்கு வர்றேன். அங்க வாசல்ல அண்ணன் நிப்பாரு. சாமியானாவுல இருந்த பெரியவரு வந்திருப்பாரு, சாவு வீட்டுல ஓடியாடி வேல பாத்த கண்ணாடிக் கடைக்காரன் எதுக்கு இங்கன்னு பாப்பாரு. என்ன வேணும்னு கேப்பாங்க. எனக்கு பாக்கியத்தம்மா மாமியா வேணும்னு சொல்லணும். அத்தன பேரு முன்னாடி, சத்தமா. கேட்டவங்களுக்கு இனிமே அது கேக்காது. அந்தப் பாவம் என் தலையில இருக்குறதுதான், அது எறங்காது. ஆனா எந்த வீட்லயும் அடுப்படி பக்கத்துலதான் இருக்கும். அங்க கேக்கும்ல?

ஒரு நிமிசம் சார், போன் அடிக்குது. அவங்கதான்.

ஹலோ. ஆங், கேக்குது, பஸ்ஸு நிக்குது, நல்லாக் கேக்குது. என்ன சத்தம் அது, தண்ணியா? அடுப்படியிலயா? சரி சரி, பாத்திரம் கழுவிக்கிட்டே பேசலாம், ஒண்ணும் இல்ல. ஆமா, சாத்தூர் வந்தாச்... வந்துட்டேன். நான் வந்துட்டேன். மங்கை, நீ சாப்ட்டியா?

என்ன அப்பிடிப் பாக்குறீங்க? லைன் கட்டாகல சார். பைப்ப மூடிட்டா.